கழுத்தளவு தண்ணீர்

நிலாவெளி பஸ் றோட்டில், ஹோட்டல் பக்கம் திரும்புகிற ஒழுங்கைக்கு முன்னால் யசோதராவின் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, அடையாள அட்டைப் படம், லெமினேற்றிங். அந்த வழியாகப் போகிறவர்களுக்கு அது இன்னொரு கொமினிகேசன் கடை, அவ்வளவுதான். ஆனால் கரையோர ஊர்களிலிருந்து அவளைத் தேடி வருகிறவர்களில் பலர் வேறொன்றுக்காக வருகிறார்கள். கதிரையில் அமர்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "எங்கட ஆள் எங்கயாவது ஒரு படத்தில நிக்குதா, பிள்ளை?"

சுனாமி வந்த அன்று கடல் ஆட்களை மட்டும் கொண்டுபோகவில்லை. அல்பங்களையும் கொண்டுபோனது. மாலை போடுவதற்கு ஒரு முகமில்லாத வீடுகள் அந்தக் கரை முழுவதும் இருந்தன. யசோதராவின் வீடும் அதில் ஒன்று. அவளுடைய தங்கச்சி ஜதுசா பள்ளிக்கூடம் போகிற வயதில் போனவள். பல வருடங்களுக்குப் பிறகு, மீன் வியாபாரி ஜமால்தீனுடைய மகளின் கல்யாண அல்பம் கந்தளாயில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தப்பிக் கிடக்கிறது என்று யசோதரா கேள்விப்பட்டாள். அந்தக் கல்யாணம் கடல் வருவதற்கு முந்தின வருடம் நடந்தது. ஜமால்தீனுக்கு மீன் கொடுத்த குடும்பங்கள் எல்லாம் அதற்குப் போயிருந்தன, யசோதராவின் வீட்டாரும்தான். பஸ் ஏறிப்போய் அல்பத்தைப் புரட்டினாள். மணமகள் ஜெஸ்மினின் தோளுக்குப் பின்னால், வாய் நிறையத் தொதல் இனிப்போடு, கமெராவைப் பார்க்காமல் ஜதுசா நின்றாள்.

அன்றிலிருந்துதான் அந்த வேலை தொடங்கியது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்தின் பின்வரிசையில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளை நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பூப்படைந்த பிள்ளைக்குச் செய்கிற சாமத்திய வீடு, பாலர் பள்ளிக் கலைவிழா, கோயில் தேர் என்று படம் இருக்கிற இடமெல்லாம் போனாள். ஸ்கேன் பண்ணி, முகத்தைப் பெரிதாக்கி, உரியவர்களுக்குக் கொடுத்தாள்.

அவளுடைய கணினி ஹோட்டல் ஒன்று கழித்துவிட்ட மேசைக் கணினி. உப்புக் காற்றில் பெட்டியின் விளிம்பெல்லாம் துரு. முன்பு அதில் கள்ள விண்டோஸ் ஒன்று ஓடியது. வைரஸ் விழுந்து கோப்புகள் போனபிறகு, கிண்ணியாவில் இருக்கிற அவளுடைய சிநேகிதி நப்லா வந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தாள். இருவரும் திருகோணமலை நகரில் ஒன்றாகக் கணினி படித்தவர்கள். ஆரம்பத்தில் யசோதரா அந்தக் கறுப்புத் திரையைக் கண்டு பயந்தாள். பிறகு பழகிவிட்டது. எது பிழைத்தாலும் என்ன பிழை என்று எங்காவது ஒரு வரியாவது எழுதி வைக்கிறதே, அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இருபதாம் ஆண்டு நினைவு வந்த அந்த மார்கழியில் மழை விடவில்லை. சல்லி என்ற கரையோர ஊரிலிருந்து பத்மாசனி வந்தாள். அறுபதைத் தொடுகிற பெண். மகள் பிரசாந்தியைக் கடலுக்குக் கொடுத்தவள். அவளிடம் ஒரு படமும் இல்லை. யசோதரா விசாரித்துக்கொண்டு போனதில், பிரசாந்தியும் ஜெஸ்மினின் கல்யாணத்துக்குப் போயிருந்தது தெரிந்தது. அல்பத்தின் இன்னொரு பக்கத்தில், பலகாரத் தட்டைப் பிடித்தபடி நீலச் சட்டையோடு நின்ற பிள்ளையை முதலில் ஸ்கேன் பண்ணி வைத்துவிட்டு, பத்மாசனிக்குப் போன் போட்டாள்.

பத்மாசனி முதல் பஸ்ஸிலேயே வந்தாள். குடையை மடிக்கக்கூட இல்லை.

"காட்டு பிள்ளை."

யசோதரா படத்தைத் திறந்தாள். நெற்றி வந்தது. கண்கள் வந்தன. வாயும் நாடியும் வந்தன. அதற்குக் கீழே, கழுத்தை வெட்டினாற்போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எல்லாம் பச்சையும் சாம்பலுமாக, அலையலையாக இடம்பெயர்ந்து கிடந்தது. தட்டைப் பிடித்த கை நெளிந்து வேறெங்கோ போயிருந்தது. பிள்ளை கழுத்தளவு தண்ணீரில் நின்றது.

பத்மாசனி திரையைப் பார்த்தபடியே எழும்பினாள். வாசலில் கழற்றிய செருப்பைப் போடாமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். "மாமி, நில்லுங்கோ, இது கொம்பியூட்டர்ப் பிழை" என்று யசோதரா பின்னால் ஓடினாள். அதற்குள் பத்மாசனி ஏறிய பஸ் புறப்பட்டுவிட்டது.

அன்று கடையைச் சாத்திவிட்டு மற்றப் படங்களையும் திறந்து பார்த்தாள். பெரும்பாலானவை நன்றாக இருந்தன. ஆனால் இரண்டு மூன்று படங்களில் அதே பச்சைத் தண்ணீர். ஒரு கிழவருக்கு முழங்கால் வரை. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்திக்கு இடுப்பு வரை. எப்போதும் கீழிருந்துதான் மூடியது. ஒருவருக்கும் தலையிலிருந்து இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை கணினியைப் போட்டதும் பிரசாந்தியைத் திறந்தாள். பிள்ளை முழுதாக நின்றது. நீலச் சட்டை, தட்டு, வெறுங்கால் எல்லாம் இருந்தன. நேற்று முழுதாக இருந்த வேறொரு பையன் இன்று நெஞ்சளவில் நின்றான்.

யசோதரா ஒரே ஒரு படத்தை மட்டும் திறக்கவில்லை. ஜதுசாவின் படத்தை. அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

கதை ஊரில் பரவிவிட்டது. பத்மாசனியின் தம்பி வீரசிங்கம் வந்து வாசலிலேயே நின்று கதைத்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பிள்ளை, நீங்கள் நல்லதுக்குத்தான் செய்யிறீங்கள், எனக்குத் தெரியும். ஆனா போனதுகளைக் கூப்பிடக் கூடாது. அக்கா அண்டையிலயிருந்து சாப்பிடேல்ல. அந்தப் படங்களை எல்லாம் அழிச்சுப்போடுங்கோ."

"அழிக்க ஏலாது, அண்ணை. என்ன நடந்ததெண்டு முதல்ல நான் பாக்கவேணும்."

"பாத்து?"

வீட்டில் கணவன் தர்மசீலனும் அதையே வேறு விதமாகச் சொன்னான். அவன் உல்லாசப் பயணிகளைப் புறாத்தீவுக்குப் படகில் கொண்டுபோகிறவன். மழைக்காலமாதலால் வீட்டில் இருந்தான். "கடல்ல நாங்கள் சில சத்தத்துக்குத் திரும்பிப் பாக்கிறேல்ல, யசோ. நீயும் பாக்காத."

அவள் பார்த்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாததால் படித்த முறைப்படி பார்த்தாள். முதலில் படம் காட்டும் மென்பொருளைச் சந்தேகித்தாள். இன்னொன்றைப் போட்டுத் திறந்தாள். அதே படம், அதே உயரத்தில் தண்ணீர். திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் டிரைவராக இருக்குமோ என்று ஒரு படத்தைத் தாளில் அச்சடித்தாள். தாளிலும் தண்ணீர். ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தாள். நலமாக இருக்கிறேன் என்றது. அதன் வயரை மாற்றிப் பார்த்தாள். மாற்றம் இல்லை. லினக்ஸ் எழுதி வைக்கும் குறிப்புகளை வாசித்தபோது, காரணமில்லாமல் மென்பொருள்கள் இடையிடையே செத்து விழுந்திருப்பது தெரிந்தது. பிரவுசர் இரண்டு மாதமாக அப்படித்தான் தானாக மூடிக்கொண்டிருந்தது. பழைய மெஷின்தானே என்று அவள் கவனிக்காமல் விட்டிருந்தாள்.

மழை தகரத்தில் விழுகிற சத்தம் சில வேளை ஆட்கள் கூட்டமாகக் கதைப்பதுபோலக் கேட்டது. எழும்பி வாசலைப் பார்ப்பாள். றோட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

கடைசியில் நப்லாவுக்குப் போன் போட்டாள். நப்லா முழுவதையும் கேட்டாள்.

"யசோ, நீ முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய். முகத்தை விடு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு செக்சம் எடு. பிறகு மெஷினை நிப்பாட்டி, திரும்பப் போட்டு, அதையே இன்னொருக்கா எடு."

செக்சம் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு துளி மாறினாலும் முழுவதும் மாறிவிடும். யசோதரா எடுத்தாள். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டு மறுபடியும் எடுத்தாள். தொடாத கோப்புகளில் சிலவற்றின் கைரேகை மாறியிருந்தது. மூன்றாம் தரம் எடுத்தபோது அவற்றில் சில பழையபடி திரும்பியிருந்தன.

"அப்ப டிஸ்க்கில படம் நல்லாத்தான் இருக்குது," என்றாள் நப்லா. "எடுத்துத் தாறவன்தான் பிழையா எடுத்துத் தாறான். ராமைப் பார், அந்த மெமரித் துண்டை."

இயங்குதளம் எழும்புவதற்கு முன்பே ஓடுகிற மெமரி டெஸ்ட்டைப் போட்டுவிட்டு யசோதரா பார்த்துக்கொண்டிருந்தாள். நீலத் திரையில் எண்கள் ஓடின. பாதி தாண்டியதும் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் விழத் தொடங்கின. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு நிற்காமல். அவள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள்.

பெட்டியைத் திறந்தாள். ராம் துண்டுகள் இரண்டு. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துச் சோதித்தாள். சிவப்பு இல்லை. கழற்றியதன் பொன்னிறப் பற்களில் பச்சை படிந்திருந்தது. அழிறப்பரால் தேய்த்துச் சுத்தமாக்கிப் போட்டாள். சிவப்பு வந்தது. வேறு துளையில் மாற்றிப் போட்டாள். அங்கும் வந்தது. துளையில் பிழை இல்லை. பிழை அந்தத் துண்டுக்குள் இருந்தது. படம் ஒன்றைத் திறக்கும்போது அந்தத் துண்டின் பழுதான இடத்தில் போய் இருந்தால், அங்கே ஒரு புள்ளி புரளும். அந்தப் புள்ளிக்குப் பிறகு வரையப்படுவது எல்லாம் நிறமும் இடமும் மாறிப்போகும். கணினியை நிறுத்தும்வரை அந்தப் படம் அப்படியே அங்கே இருக்கும். படம் மேலிருந்து கீழே வரையப்படுவதால்தான் தண்ணீர் எப்போதும் கீழே நின்றது.

கெட்ட துண்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டாள். எல்லாப் படங்களும் முழுதாக வந்தன. அந்த இரண்டு மாதத்தில் அவள் திருத்திச் சேமித்த சில படங்கள் மட்டும் உண்மையாகவே கெட்டுப்போயிருந்தன. அவற்றுக்குரிய வீடுகளுக்குப் போய்ச் சொல்லி, அல்பம் இருந்த இடங்களில் திரும்பவும் ஸ்கேன் பண்ணினாள். அல்பம் இல்லாத இடத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிரசாந்தியின் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு சல்லிக்குப் போனாள். பத்மாசனி அதை மடியில் வைத்து, கண்ணாடிமேல் விரலால் கழுத்திலிருந்து கால்வரை தடவினாள். யசோதரா நடந்ததைச் சொன்னாள். பத்மாசனி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"விளங்குது பிள்ளை. அது பிழைதான். ஆனா அண்டைக்குக் கண்ட படம் எங்க?"

"அது இல்லை, மாமி. அது எங்கயும் எழுதப்படேல்ல. அந்த நேரம் மட்டும் இருந்தது."

"எனக்கு அதுதான் வேணும்." பத்மாசனியின் குரல் உயரவில்லை. "நான் அண்டைக்கு நகரத்துச் சந்தையில நிண்டனான். என்ர பிள்ளைக்குத் தண்ணி வந்ததை நான் காணேல்ல. இருபது வருசமா அதைத்தான் நினைச்சுப் பாக்கிறன், வருகுதில்ல. உன்ர கடையிலதான் கண்டனான். அந்தப் பழுதானதைத் திரும்பப் போட்டுக் காட்டு."

யசோதரா மாட்டேன் என்றாள். பத்மாசனி அடுத்த கிழமையும் கடைக்கு வந்து அதையே கேட்டாள். அதற்கடுத்த கிழமையும் வந்தாள். தை பிறந்து மழை ஓய்ந்த ஒரு மத்தியானம், கடையில் வேறு ஆள் இல்லாத நேரம், யசோதரா லாச்சியைத் திறந்தாள்.

துண்டைப் போட்டாள். கணினி எழும்பியது. பிரசாந்தியைத் திறந்தாள். முழுதாக வந்தது. மூடித் திறந்தாள். நிறுத்தித் திரும்பப் போட்டுத் திறந்தாள். பிள்ளை தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றது.

"மற்றதுகளையும் திற பிள்ளை. எல்லாத்தையும் திற. எங்கயோ இருக்குது."

யசோதரா அந்த அல்பத்தை வரிசையாக ஓடவிட்டாள். ஜெஸ்மின், ஜமால்தீன், சமையற்காரர்கள், சிறுவர்கள். ஒவ்வொன்றும் முழுதாக வந்து போனது. பிறகு மணமகளின் தோளுக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் நெற்றி வந்தது. கண்கள் வந்தன. தொதலால் உப்பிய கன்னம் வந்தது. அதற்குக் கீழே பச்சை.

யசோதராவால் அதை மூட முடியவில்லை.

பத்மாசனி திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். "இது ஆர்ர பிள்ளை?"

"என்ர தங்கச்சி, மாமி."

"நீயும் காணேல்லயா?"

"இல்லை. நான் ரியூசனுக்குப் போனனான்."

பத்மாசனி எழும்பினாள். மேசையைச் சுற்றி வந்து, சுவரில் இருந்த சுவிச்சை நிறுத்தினாள். திரை கறுத்தது. யசோதராவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே இருந்தார்கள். றோட்டில் ஐஸ் பெட்டி லொறி ஒன்று போனது.

"காணும் பிள்ளை, போதும்," என்றாள் பத்மாசனி. "கண்டது காணும்."

யசோதரா அந்தத் துண்டைக் கழற்றிக் குறட்டால் இரண்டாக முறித்தாள்.

கடை இப்போதும் இருக்கிறது. ஆட்கள் வருகிறார்கள். வீரசிங்கமும் ஒரு நாள் உள்ளே வந்து, தன் சிநேகிதன் ஒருவனுடைய படம் கிடைக்குமா என்று கேட்டார். பத்மாசனி சில வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பஸ் ஏறி வருவாள். மகளின் படம் வீட்டில் தொங்குகிறது. ஆனாலும் யசோதராவின் திரையில் ஒருமுறை திறக்கச் சொல்வாள். இருவரும் நெற்றியிலிருந்து வெறுங்கால் வரை பார்ப்பார்கள்.

"இண்டைக்கும் ஒண்டுமில்ல," என்பாள் பத்மாசனி. அது ஆறுதலா ஏமாற்றமா என்று யசோதரா இன்றுவரை கேட்டதில்லை.