ஸ்டெல்லா அழிக்கச் சொன்ன கோடு

போன செவ்வாய்க்கிழமை வெள்ளகோவில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ரீட்டா பேசினாள். "அக்கா போயிருச்சுங்ணா" என்றாள். பட்டறையில் கிரைண்டர் சத்தம். இரண்டாம் முறையும் அதைச் சொல்ல வைத்துவிட்டேன். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட்டுக்கு கண்ட்ரோல் பேனல் செய்கிறவன். ஸ்டெல்லா சேலை பார்டருக்கு டிசைன் வரைந்தவர். நரம்பு நோயில் கைகால் விழுந்து, பேச்சும் போய், புருவம் மட்டும் மிஞ்சியது. தங்கை ரீட்டா எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாள்; வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டெல்லா புருவத்தைத் தூக்குவார். எல்லாம் தங்கை இட்டுக்கட்டுவது என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். "நடுவுல யாரும் இல்லாம வரையோணுங்க" என்று ஸ்டெல்லா புருவத்தாலேயே என்னிடம் கேட்டார்.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த நண்பர் துணையோடு, தலையில் தகடுகள் ஒட்டி மூளையின் மின் அலையைப் பிடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்தேன். கம்ப்யூட்டர் திரையில் ஓர் அம்புக்குறி மெதுவாகச் சுற்றும். வேண்டிய திசை வரும்போது மனத்தை அடக்கினால் அலை உயர்ந்து, புள்ளி அந்தப் பக்கம் கோடு இழுக்கும். பதறினால் அசையாது. பக்கத்து விசைத்தறிகள் ஓடினால் அலை கலங்கிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், லாரி பேட்டரியில் ஓட்டினோம். ஒரு மாங்காய் டிசைனுக்கு ஐந்து ஞாயிறு ஆனது. அவர் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை, நான்தான் சலித்துக்கொண்டேன்.

சந்தேகம் தீர சர்ச் ஹாலில் ஊரார் முன்னால் வரைந்து காட்ட ஸ்டெல்லா சம்மதித்தார். அன்று புள்ளி அசையவே இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் பார்க்காமல் பெட்டியின் பின்னாலிருந்த திருகைத் திருப்பினேன். அப்படித் திருப்பினால் சும்மா இருந்தாலே புள்ளி ஓடும். ஓடியது. ஹாலே கைதட்டியது.

ஸ்டெல்லாவின் புருவம் உயர்ந்தது. ரீட்டா எழுத்து எழுத்தாகக் கேட்டு முடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அது நான் போட்ட கோடு இல்லீங்க. அழிச்சுப்போடுங்க."

அழித்தேன். திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. அப்புறம் புள்ளி ஒரு விரற்கடை நகர்ந்தது. இந்த முறை யாரும் கை தட்டவில்லை. தட்டினால் அவர் மனம் கலைந்துவிடும் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்றே அந்தத் திருகின் குமிழைக் கழற்றிவிட்டேன். அது என் மேசை டிராயரில் கிடக்கிறது. அந்த ஒரு விரற்கடைக் கோட்டை பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறேன்: பெட்டி நான் செய்தது, இந்தக் கோட்டில் என் கை படவே இல்லை.