நிற்காத வண்டி

இன்று காலை பேருந்தில், நான் பழைய டிரைவர் என்றதும் பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் புது மாடல் பிக்கப் ஒன்றைக் காட்டி, “இதை நம்பி வாங்கலாமுங்களா?” என்று கேட்டார்.

எண்பதுகளில் என் முதலாளியும் இதையேதான் கேட்டார். அப்போது திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்கு முட்டை ஏற்றிப்போகும் டிரைவர் நான். முதலாளி பழைய பிக்கப்பைக் கொடுத்துவிட்டு, கம்பெனி அடியோடு மாற்றி வெளியிட்ட புது மாடலை எடுத்திருந்தார்.

“கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்துட்டு, நம்பலாமான்னு சொல்லப்பா.”

பழைய வண்டி ஆட்டையாம்பட்டி பக்கம் அடிக்கடி சூடேறி நின்றுவிடும். அங்கே நெசவாளர் மாரப்பன் வீடு. தண்ணீர் கேட்டுப் போனால், ரேடியேட்டர் ஆறும்வரை உட்காரவைத்துப் பேசுவார். என் மனைவி இறந்தபின் என்னோடு அப்படிப் பேச வேறு ஆளில்லை.

புது வண்டி நிற்கவே இல்லை. சூடேறவில்லை, முட்டையும் உடையவில்லை. அந்த வீட்டைத் தினமும் வெறுமனே கடந்து போனேன்.

ஒரு நாள் தாங்காமல் ஓரங்கட்டினேன். மாரப்பன் குடத்தோடு ஓடிவந்தார்.

“ஏனுங்க, புது வண்டியும் காலை வாரிருச்சுங்களா?”

“இல்லீங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது. சும்மா...”

குடத்தைக் கீழே வைத்தார். “வண்டி கெட்டாத்தான் எங்கூட்டுக்கு வரோணுமாக்கும்? வந்து உக்காருங்க.”

முதலாளியிடம், “தாராளமா நம்பலாமுங்க. ஆனா சேலம் போய்ச் சேர பழையபடி நேரமாகுமுங்க” என்றேன்.

மாரப்பன் இப்போது இல்லை. நானும் வண்டி ஓட்டுவதை விட்டாயிற்று; எங்கே போனாலும் பேருந்துதான். நினைத்த வீட்டு முன்னால் நிறுத்தச் சொல்ல முடியாது.

உங்களுக்கு அப்படி நிறுத்த ஒரு வீடு இருக்கிறதா?