லிங்கசாமி கேட்ட கையெழுத்து

எங்கள் மஞ்சூர் லிங்கசாமி, குந்தா மின்நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதருக்கு விதி என்றால் விதிதான். கம்பியில் வேலை செய்யப் போகிறவர், மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று 'லைன் கிளியர்' எழுதி வாங்கிக்கொண்டு போவார்; வேலை முடிந்து அதே ஆள் வந்து கையெழுத்துப் போட்டு அதைத் திருப்பித் தந்தால்தான் மறுபடி மின்சாரம் விடுவார்கள். வேறு யார் வந்து கெஞ்சினாலும் லிங்கசாமி அசைய மாட்டார். வீட்டில் மிக்ஸி போடக்கூட மனைவி கிருஷ்ணம்மாள் அவரிடம் எழுதி வாங்க வேண்டும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

போன வருடம் அவருடைய அண்ணன் கோவையில் நாற்பது நாள் செயற்கை சுவாசத்தில் கிடந்து இறந்தார். ஊர் திரும்பியதும் லிங்கசாமி ஒரு தாள் எழுதினார். பிழைக்க வழியில்லை என்று டாக்டர்கள் உறுதி செய்தால் தன்னை இயந்திரத்தில் வைத்து இழுத்தடிக்கக் கூடாது. ஊசி போட்டு உயிரை எடுப்பதைச் சட்டம் ஏற்காது, இதை ஏற்கும். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு நோட்டரியிடம் காட்ட வேண்டும். சாட்சிகள் நானும் டீக்கடை பஷீரும். கிருஷ்ணம்மாளையும் கூட்டிக்கொண்டு நோட்டரியைப் பார்க்கப் புறப்பட்டோம். ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு அவர் போட்ட சண்டையைப் பார்த்தால், இப்போதைக்குப் போகிற ஆளாகத் தெரியவில்லை.

நோட்டரி ஃபாயிஸா தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சார், நீங்க நினைவில்லாம இருக்கறப்ப உங்களுக்காக முடிவு சொல்றவங்க பேரை எழுதற இடம் இதுங்க. உங்க பேரையே எழுதி வெச்சிருக்கீங்க."

"எழுதி வாங்குனவன்தானுங்களே திருப்பித் தரணும்?"

பஷீர் வாயைப் பொத்திக்கொண்டார். லிங்கசாமி மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப நீ போடு அம்மணி."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. மாட்டேன் என்று அழுதுவிடுவார் என்று நினைத்தேன். கிருஷ்ணம்மாள் பேனாவை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஃபாயிஸாவிடம் சொன்னார்:

"எனக்கும் இதேமாதிரி ஒண்ணு எழுதுங்க. முடிவு சொல்றது இவருன்னு போடுங்க."

தாள் தயாரானது. லிங்கசாமி பேனாவைத் திறந்தார், மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நாளைக்கு வரலாமுங்களா?" என்று ஃபாயிஸாவிடம் கேட்டார்.

கிருஷ்ணம்மாள் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க, எங்கிட்ட என்ன கேட்டீங்கன்னு இப்பத் தெரியுதுங்களா?"