டாக்டரம்மாவின் அம்பாசிடருக்கு வேன் என்ஜின்

அந்த வெள்ளை அம்பாசிடரை ஒரு டிராக்டர் இழுத்துக்கொண்டு வந்து என் பட்டறை வாசலில் விட்டது. கனெக்டிங் ராடு உடைந்து, என்ஜின் பிளாக்கையே துளைத்திருந்தது. குத்தாலத்தில் சின்னதாகப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திய டாக்டரம்மாவின் வண்டி அது. கூப்பிட்டதும் ஆம்புலன்ஸ் வராத காலம். சிக்கலான பிரசவம் என்றால் இதன் பின்சீட்டில் படுக்கவைத்துத்தான் தஞ்சாவூருக்குக் கொண்டுபோவார்கள்.

அதே பெட்ரோல் என்ஜின் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் வேறு கம்பெனி வேனின் டீசல் என்ஜின் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. அதைப் போடலாமா என்று கேட்டேன். வண்டி சீக்கிரம் ஓட ஆரம்பித்தால் போதும் என்றார் அம்மா.

கியர்பாக்ஸோடு பொருந்த லேத்தில் அடாப்டர் பிளேட் கடைந்தோம். புது என்ஜின் கனம். முன்பக்கம் தொங்கியதால், அதைத் தாங்கும் டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்தினோம். சைலன்சர் பைப்புக்குப் பழைய வழி ஒத்துவரவில்லை. வேறு பக்கமாகக் கொண்டுபோய்ப் பின்சீட்டுக்கு அடியில் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஆர்.சி. புக்கிலும் மாற்றம் பதிந்து வந்தது.

டிரைவர் ராஜேந்திரனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இழுவை பிரமாதம் என்றார். பின்சீட்டில் தரங்கம்பாடி வரை போய்வந்த அம்மா, இறங்கிக் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டார். "நீங்க ஒரு தடவ பின்னாடி ஏறிப் பாருங்க" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன்.

"உக்காராதீங்க. படுங்க."

படுத்தேன். அம்மா முன்னால் ராஜேந்திரன் பக்கத்தில் ஏறிக்கொள்ள, வாய்க்கால் கரைச் சாலையில் வண்டி கிளம்பியது. நெல் அறுக்கும் மெஷின்மேல் படுத்த மாதிரி இருந்தது. அதிர்வு இடுப்பில் ஏறிப் பல்வரை வந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து டிரயல் பார்த்தபோது எனக்கு இது எதுவுமே தெரியவில்லை. நிறுத்தச் சொன்னேன்.

அம்மா திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. "வலியோட ஒரு பொண்ணு இதுல தஞ்சாவூர் வரைக்கும் வரணும்ல?"

கிளாம்பைக் கழற்றிப் பைப்பை ரப்பர் பட்டைகளில் தொங்கவிட்டேன். என்ஜினைத் தாங்கிய வேன் ரப்பர்களை எடுத்துவிட்டு மெத்தென்ற ரப்பர் போட்டேன். திரும்பவும் நானே படுத்துப் பார்த்தேன்.

அந்த மழைக்காலத்தில் ராஜேந்திரன் பட்டறைக்கு வந்தார். முதல்நாள் தஞ்சாவூருக்குக் கொண்டுபோன பெண், வலி விட்ட நேரத்தில் பின்சீட்டில் கண்ணயர்ந்துவிட்டாளாம். தாயும் பிள்ளையும் நலம் என்றார். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

அதன்பிறகு பட்டறையை மூடும்வரை, எந்த வண்டி டிரயல் போனாலும் ஸ்டியரிங்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் ஏறிக்கொள்வேன். ஓட்டுகிறவருக்குத் தெரியாதது அங்கேதான் தெரியும்.