பதினாலு மட்டை

சூளகிரி நிறுத்தத்தில் பேரிகை பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முனிராஜும் அதே பஸ்ஸுக்குத்தான். கோல்ஃப் ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமந்து நடப்பது அவர் வேலை.

"பையில எத்தனை மட்டை இருக்கும்?"

"பதினாலுக்கு மேல வெக்கக்கூடாதுங்க. ரூல்ஸு."

"முன்னாடி அளவே கிடையாதாம். முப்பது மட்டைகூட வெச்சிருந்தாங்களாம். சுமக்கிறவங்க ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க. அப்புறம்தான் பதினாலுன்னு நிறுத்தினாங்க," என்று எங்கோ படித்ததைச் சொல்கிறேன்.

அவர் வலது தோளைத் தடவிக்கொள்கிறார்.

"முப்பதுன்னாலும் தூக்கியிருப்பேங்க. இப்ப பையச் சுமக்க பேட்டரி வண்டி எறக்கிட்டாங்க. நாளையிலருந்து வரவேணாம்னுட்டாங்க."

பஸ் வருகிறது. நான் ஏறுகிறேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க சார். ஊட்ல இன்னும் சொல்லல. நான் அடுத்த பஸ்ல வர்றேன்."