பாலத்தின் நடுவில் ஒட்டிய அறிவித்தல்

பால்மாத் தகரப் பேணியில் கோதுமை மாப் பசையைக் கிண்டிக்கொண்டிருக்கும் செபமாலை, இடையே ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்துத் துப்புவார். கசப்புப் போதாதென்றால் புகையிலை ஊறிய நீரை இன்னும் சிறிது வார்ப்பார். காரணம் கேட்பவருக்கு, "இல்லாட்டி மாடு வந்து தாளோட நக்கிப்புடும்ங்க" என்பதே விடை.

மலையகத்து ராகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பிரதேச சபையின் அறிவித்தல்களை ஒட்டுவது அவர் தொழில். வீதித் திருத்தம், குழாய்நீர்த் தடை, மண்சரிவு, ஆற்றில் குளிப்பதால் வரும் ஆபத்து என எது அச்சாகி வந்தாலும், உரப்பையில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ஒட்டிய தாளை முழங்கையால் நீவிவிட்டு, ஆட்கள் சேரும்வரை பக்கத்தில் நிற்பார். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர் ஆதலால், தாளின் தலைப்பிலுள்ள கோவை இலக்கமும் அவர் வாயில் வேதவசனம்போல் ஒலிக்கும். "தாள ஒட்டுறது பாதி வேலதானுங்க. சனத்தோட காதுல ஒட்டணும்ல?"

கொழுந்தெடுக்கும் பெண்கள் அவரைக் கண்டதும், "சாமியாரு வந்துட்டாருடி, முக்காட்டப் போடுங்க" என்று சீண்டுவார்கள். அவர் மனைவி யூஜினாவும் அவர்களுள் ஒருத்தி. சிரிப்பில் அவள் குரலே உரத்துக் கேட்கும்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில், கீழ்ப்பிரிவு மலையையும் ஆற்றுக்கு அப்பால் கொழுந்து நிறுக்கும் கொட்டகையையும் இணைக்கும் கம்பிப் பாலம் பழுதுற்றது. திருத்தவேலை தொடங்கும்வரை அதில் ஒரே வேளையில் இருவருக்கு மேல் செல்லலாகாது என்று சபை அறிவித்தல் அச்சிட்டது. அலுவலகத்தில் அதைக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் மயூரதன். "அண்ணை, பாலத்திலயே ஒட்டுங்கோ. போற வாற எல்லாற்ற கண்ணிலயும் படவேணும்."

"சரிங்க ஐயா" என்று வந்த செபமாலை, சொல்லைச் சொல்லாகவே நிறைவேற்றினார். இரு கரைகளிலும் பாசி பிடித்த கல்லும் தேயிலைச் செடியுமே இருந்தன. பாலத்தின் நடுவிலோ, கைப்பிடிக் கம்பியில் கட்டிய ஒரு பலகை இருந்தது. அதில் ஒட்டினார், நீவினார், வழக்கம்போல் ஆட்களுக்காக நின்றார்.

பகல் நிறுவைக்குக் கூடையோடு இறங்கிய பெண்கள் பாலத்தில் ஏறி, அவரைக் கண்டு நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளில் முகவாயை வைத்து எட்டிப் பார்த்தார்கள். செபமாலை கோவை இலக்கத்திலிருந்து தொடங்கினார். "இருவருக்கு மேல்" என்ற இடம் வந்ததும் மீனம்மா குறுக்கிட்டாள்.

"யாருங்கண்ணே அந்த ரெண்டு பேரு?"

"நானும் எங் கூடையும்" என்றாள் அம்மாக்கண்ணு. "நீங்கள்லாம் எறங்கி நீந்தி வாங்கடி."

"ஒன்னிய மட்டும் ரெண்டு ஆளா எழுதணும்டி. அம்புட்டுக் கனம்!" என்றாள் மீனம்மா.

சிரிப்பில் பாலம் ஊஞ்சலாக ஆடியது. யூஜினா மட்டும் சிரிக்கவில்லை. கணவரின் காலடியையே பார்த்து நின்றவள், "ஏங்க, காலுக்கடியில பலக எறங்குது" என்றாள்.

செபமாலையும் அதை உள்ளங்காலில் உணர்ந்தார். பெண்கள் ஏறிவந்த இக்கரைத் தூணடியிலிருந்து ஒரு பிடி மண் கலங்கல் நீரில் சரிந்தது. கத்தினால் ஓடுவார்கள், ஓடினால் கம்பி தாங்காது. ஆகவே வாசிக்கும் குரலை மாற்றாமலே, தாளில் இல்லாததை வாசித்தார்.

"மீனம்மா, நீ மொதல்ல அக்கரைக்குப் போ. ஓடாத. அவ மண்ணுல கால வச்சதும் அம்மாக்கண்ணு. மத்தவங்க அசையாம நில்லுங்க."

ஒவ்வொருத்தியாக அக்கரை ஏறினார்கள். யூஜினா கடைசிக்கு முந்தியவளாக நின்று, பின்னாலிருந்த இளம்பெண்ணை முன்னே அனுப்பிவிட்டே தான் நகர்ந்தாள்.

"நீங்களும் வாங்க" என்று அக்கரையிலிருந்து கை நீட்டினாள்.

அவர் அசையவில்லை. இக்கரை மலைச்சரிவில் அடுத்த கூட்டம் கூடைகளோடு இறங்கிக்கொண்டிருந்தது. நிறுவை முடியுமுன் போய்ச்சேரும் அவசரத்தில் அவர்கள் பாதி ஓட்டமாகவே வந்தார்கள். நடுவில் ஆளும் வெள்ளைத் தாளும் தெரிந்ததால், என்ன சேதியோ என்று இன்னும் விரைந்தார்கள்.

"அங்குட்டுப் போகாதீங்க!" என்றாள் யூஜினா.

செபமாலை ஈரம் காயாத தாளை நகத்தால் நெம்பி உரித்தெடுத்து, கம்பியைப் பற்றியபடி இக்கரைக்கு நடந்தார். தாளை ஒட்ட அங்கே ஓரிடமும் இல்லை. கசப்புப் பசையோடு அதைத் தம் சட்டையின் மார்பில் அப்பி, முழங்கையால் ஒரு தடவை நீவிவிட்டு, பாலத்தின் வாயில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.