துக்க வீட்டு நிலம்

அந்தக் கறுப்பு ரப்பர் குழாய் இன்னும் எலுமிச்சையின் அடியில்தான் கிடக்கிறது. எழுபதுகளில் என் மனைவியின் அண்ணன் கடல் கடந்து கொண்டுவந்தது. ஒரு முனையைப் பின்கட்டுத் தண்ணீர்ப் பீப்பாயில் பொருத்தி, செடியருகே ஊசியால் துளையிட்டு, நீர் சொட்டுச் சொட்டாக விழுவதை எங்களுக்குக் காட்டினார்.

மனைவி கொச்சி யூதக் குடும்பத்தில் பிறந்தவள். ஆரணியில் கணக்கு ஆசிரியை. அவள் என்னை மணந்து இங்கே தங்கிவிட்டாள். அவளைச் சேர்ந்தவர்களோ இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, வறண்ட நிலத்தில் ஒரு கூட்டுறவு வேளாண் கிராமத்தை உண்டாக்கினார்கள். வீட்டுக்கொரு நிலம், விதை வாங்குவதும் விளைச்சலை விற்பதும் பொதுவில். அங்கே அவளை அழைத்துப் போகவே அண்ணன் வந்திருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துக்கொள்ள ஊர்க்கூட்டம் இசைந்துவிட்டதாம். படுக்கையிலிருந்த என் தாயாரை விட்டு நான் நகர இயலாத காலம் அது.

அன்று சாப்பிடும்போது அவ்வூர் வழக்கம் ஒன்றைச் சொன்னார்: ஒரு வீட்டில் சாவு விழுந்தால், துக்கம் தீரும்வரை அவர்கள் நிலத்துக்கு அண்டை வீட்டார் நீர் பாய்ச்சுவார்கள். எங்களோடு உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு நெசவாளர் சிரித்துவிட்டார்.

“எங்க தெருவுலயா? தறியில பாவு நூலு அறுந்தா எட்டிப் பாத்துகினு, சிரிச்சிகினு போவானுங்க!”

மனைவி சிரிக்கவில்லை. அண்ணனிடம் மலையாளத்தில் பேசுகிறவள், நானும் கேட்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்: “அங்க உங்களுக்கு ஊரே இருக்கு. இங்க இவருக்கு யாரு இருக்கா?”

அண்ணன் தனியே திரும்பினார்.

எண்பதுகளில், அடைமழை பிடித்த ஓர் ஐப்பசியில், அவள் இறந்தாள். தாயார் முன்பே போயிருந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் பின்கட்டில் ஓசை கேட்டுக் கதவைத் திறந்தேன். தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, நெசவாளர் குடத்து நீரைப் பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மழை பெய்கிறதே,” என்றேன்.

“பெய்யட்டும் சார். டீச்சரம்மா ஊரு வழக்கமாச்சே. அத்த வுட்டுட முடியுமா?”

அது சடங்கல்ல, பயிர் காயாதிருக்கச் செய்த ஏற்பாடு என்று நான் விளக்கவில்லை. மழை விட்ட பிறகும் பல நாள் வந்தார்.

பின்னர் அவர் மகளோடு சந்தவாசலுக்குப் போய்விட்டார். இன்று என் மனைவியின் நினைவு நாள், விடியலிலிருந்தே மழை. குழாயின் துளைகள் பாசியேறிச் சிறுத்திருக்கின்றன. அவ்வூர் வழக்கப்படி நீர் விட வேண்டியவர் அண்டை வீட்டார். அடுத்த வீட்டில் பூட்டு தொங்குகிறது. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, குடத்தை நானே எடுத்தேன்.